ஆட்டிப் பார்த்தல்

2021 மார்ச் 4 அன்று மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகாரங்கள் அமைச்சகம் இந்திய நகரங்களை ‘வாழ்வதற்கு எளிதானவை’ என்ற வரிசையில் அடுக்கி ஒரு பட்டியல் வெளியிட்டது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வசிக்கும் 49 நகரங்களில் பெங்களூருக்கு முதலிடம். அன்று மாலை நான் வீட்டில் கணினி முன்னால் இருந்தேன். சேலத்திலிருந்து வந்திருந்த அம்மா, சமையலறையில் இருபது லிட்டர் தண்ணீர் கேனைச் சாய்த்துப் பிடித்து, அடியில் தங்கியதைச் சொம்பில் இறக்கிக்கொண்டிருந்தார். செய்தியைப் படித்துச் சொன்னேன். கேனை நிமிர்த்தி வைத்துவிட்டு, “எதை வெச்சுப்பா சொல்றாங்க?” என்று கேட்டார்.

அதில் கேலி எதுவும் இல்லை. சந்தையில் ஒருவர் விலை சொன்னால் எந்தக் குரலில் விவரம் கேட்பாரோ அதே குரல்தான். ஆனால் அந்தக் கேள்வி என்னை உட்கார வைத்துவிட்டது. ஏனென்றால் பதினைந்து ஆண்டுகளாக இந்த ஊரில் நான் செய்துவரும் வேலையே அதைச் சுற்றியதுதான். முடிவெடுக்க உதவும் மென்பொருள் எழுதுகிறேன். எதை வாங்குவது, எங்கே தொடங்குவது, எந்தத் திட்டத்துக்கு முதலில் பணம் ஒதுக்குவது என்று திகைத்து நிற்பவர்கள் தங்கள் காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுவார்கள். ஒவ்வொரு காரணத்துக்கும் ஒரு வெயிட்டேஜ் தருவார்கள். மென்பொருள் பெருக்கிக் கூட்டி, இது முதலாவது, இது இரண்டாவது என்று வரிசை காட்டும். அமைச்சகத்தின் பட்டியலும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது. அளவு பெரிது, அவ்வளவுதான்.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எண்களை எடுத்து எக்செல்லில் போட்டேன். பட்டியலுக்கு நான்கு தூண்கள். வாழ்க்கைத் தரத்துக்கு நூற்றுக்கு 35, பொருளாதார வலிமைக்கு 15, நீடித்த தன்மைக்கு 20, மக்களிடம் நேரடியாகக் கேட்டறிந்த கருத்துக்கு 30. இந்த நான்கிலும் பெங்களூரு வாங்கியவை முறையே 55.67, 78.82, 59.97, 78.00. வெயிட்டேஜால் பெருக்கிக் கூட்டினால் 66.70. இரண்டாவதாக வந்த புனே வாங்கியது 66.27. மூன்றாவது அகமதாபாத், 64.87. நாலாவது சென்னை, 62.61. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே 0.43 மட்டுமே இருந்தது.

பொருளாதாரத் தூணில்தான் பெங்களூரு எல்லோரையும் விட்டு வெகுதூரம் போயிருந்தது. அதில் இரண்டாவதாக வந்த டெல்லிக்கே 50.73. அப்படியானால் புனே எவ்வளவு வாங்கியிருந்தாலும் அதைத் தாண்டியிருக்க வழியில்லை. இதைப் பிடித்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். பொருளாதாரத்துக்குக் கொடுத்த 15ஐ 13.5 ஆக்கினேன். எடுத்த ஒன்றரையை மற்ற மூன்று தூண்களுக்கும் அவற்றின் விகிதப்படியே பிரித்துக் கொடுத்தேன். புனே முன்னால் வந்துவிட்டது. 2018இல் இதே அமைச்சகம் வெளியிட்ட முதல் பட்டியலில் பொருளாதாரத்துக்கு இருந்த வெயிட்டேஜ் 5. அந்த 5ஐப் போட்டுப் பார்த்தபோது அகமதாபாத்தும் பெங்களூரைக் கடந்து போனது. அந்த 2018 பட்டியலில் புனே முதலிடத்திலும் சென்னை 14ஆம் இடத்திலும் பெங்களூரு 58ஆம் இடத்திலும் இருந்தன. 58இலிருந்து 1க்கு வர நடுவில் இரண்டரை ஆண்டுகள். அந்த இரண்டரை ஆண்டில் சில்க் போர்டு சந்திப்பைக் கடக்கும் நேரம் எனக்குக் குறையவில்லை. கேன் தண்ணீர் வாங்குவதும் நிற்கவில்லை. தூண்களும் சுட்டிகளும் வெயிட்டேஜும் மாற்றி அமைக்கப்பட்டிருந்தன. அந்த மாற்றங்களுக்கெல்லாம் காரணங்கள் உண்டு, அவை ஆவணத்தில் விளக்கப்பட்டும் இருந்தன. ஆனால் இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஊர் முன்னேறிவிட்டது என்று பேசுவதற்கு அவை இடம் தருவதில்லை.

நாலாவது தூணையும் தொட்டுப் பார்த்தேன். மக்களின் கருத்து 78.00 என்பதை 76.5 ஆக்கினால் போதும், முதலிடம் போய்விடும். அந்தக் கருத்துக் கணிப்பு 2020 ஜனவரி 16இல் தொடங்கி மார்ச் 20 வரை நடந்தது. 111 நகரங்களில் 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பதில் சொன்னார்கள். முடிந்த ஐந்தாம் நாள் நாடு முழுக்க ஊரடங்கு. மே மாதம் பெங்களூரின் கட்டடத் தொழிலாளர்கள் மூட்டைகளோடு ரயில் கேட்டுக் காத்துக் கிடந்தார்கள், பலர் நடக்கத் தொடங்கினார்கள். அந்த வாரத்தில் இதே கேள்விகளை அவர்களிடம் கேட்டிருந்தால் அந்த ஒன்றரைப் புள்ளி நின்றிருக்குமா என்று நான் வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பட்டியல் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. புனே முதலில் வந்திருந்தால் அதுவும் இதே மெல்லிய விளிம்பின் மேல்தான் நின்றிருக்கும். ஆனால் இந்தக் கணக்கைச் செய்து பார்த்தவருக்கு இரண்டு விஷயங்கள் தெரிந்துவிடும். ஒன்று, மொத்த மதிப்பெண்ணில் பெங்களூரும் புனேயும் பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்கு ஒட்டி நிற்கின்றன. இரண்டு, பொருளாதார வலிமையில் பெங்களூரின் முதலிடத்தை எப்படி உலுக்கினாலும் அசைக்க முடியாது. ஒரே பட்டியலுக்குள் ஆடுவதும் ஆடாததும் கலந்தே கிடக்கின்றன. தலைப்புச் செய்தி ஆடுவதை எடுத்துக்கொண்டது.

இந்த வேலைக்கு எங்கள் துறையில் சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் என்று பெயர். பாடப்புத்தகத் தமிழில் உணர்திறன் பகுப்பாய்வு. என் மனதுக்குள் நான் வைத்திருக்கும் பெயர் ‘ஆட்டிப் பார்த்தல்’. சேலத்தில் எங்கள் தெருவில் பந்தல் போட வருகிறவர் ஒருவர் இருந்தார். கால்களையெல்லாம் நட்டு முடித்ததும் உடனே கீற்றை ஏற்றமாட்டார். ஒவ்வொரு காலாகப் போய்க் கையால் பிடித்து ஆட்டுவார். நின்றதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். அசைந்த காலின் அடியில் மட்டும் கல்லும் மண்ணும் போட்டுக் கடப்பாரையின் மழுங்கிய முனையால் கிட்டிப்பார். பந்தல் நிற்குமா என்று வாயால் யாரிடமும் கேட்டு அவர் தெரிந்துகொண்டதில்லை. எந்தக் காலில் வேலை மிச்சம் இருக்கிறது என்பதை அவர் கை சொல்லிவிடும். சென்சிட்டிவிட்டி அனாலிசிஸ் பற்றி இதைவிட நல்ல விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. ஒரு முடிவு எத்தனையோ எண்களின் மேல் நிற்கிறது. அவற்றில் எதை மெல்லத் தள்ளினால் முடிவும் சேர்ந்து நகர்கிறது என்று தேடுவது. தேடிக் கண்ட பிறகு அந்த எண்ணின் அடியில் மண் போடுவது.

மென்பொருளில் இது எளிமையாக இருக்கும். வெயிட்டேஜ் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஸ்லைடர். அதை இழுக்க இழுக்கத் திரையில் பட்டைகள் நீளும், குறுகும். ஓரிடத்தில் இரண்டாவது பட்டை முதலாவதைத் தாண்டும். அந்த இடத்தைக் கிராஃப்பில் போட்டால் இரண்டு கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் புள்ளியாகத் தெரியும். இப்போது நாம் நிற்கும் இடத்துக்கும் அந்த வெட்டுப் புள்ளிக்கும் உள்ள தூரம்தான் முடிவின் உறுதி. எல்லா எண்களையும் ஒவ்வொன்றாக ஆட்டி, எது அதிகம் அசைக்கிறதோ அதை மேலே, குறைவாக அசைப்பதைக் கீழே என்று பட்டைகளாக அடுக்கினால், மேலே அகன்று கீழே குறுகிய ஒரு சுழல்காற்றின் வடிவம் வரும். அதற்கு டொர்னாடோ சார்ட் என்றே பெயர். நாற்பது எண்கள் இருக்கும் திட்டத்தில் பெரும்பாலும் மூன்று நான்குதான் மேலே அகலமாக நிற்கும். மீதியைப் பற்றி மணிக்கணக்கில் சண்டை போட்டிருப்போம்.

ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் ஆட்டுவதில் ஒரு குறை உண்டு. வாழ்க்கை எண்களைத் தனித்தனியாக ஆட்டுவதில்லை. மழை பொய்த்தால் அரிசி விலை ஏறும், வேலை தேடி ஊரை விட்டு வருகிறவர்கள் கூடுவார்கள், தண்ணீர் லாரியின் விலையும் அதே மாதத்தில் ஏறும். எல்லாவற்றையும் ஒன்றாக உலுக்கிப் பார்க்க வேறொரு வழி இருக்கிறது. கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம் 1946இல் கடுமையான நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்த நாட்களில் தனியாகச் சீட்டு அடுக்கி விளையாடினார். ஆட்டம் வெற்றியில் முடிய எவ்வளவு வாய்ப்பு என்பதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதைவிட, நூறு முறை ஆடிவிட்டு எத்தனை முறை வென்றது என்று எண்ணுவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியது. மான்டி கார்லோ முறை பிறந்தது அப்படி. இன்று என் மடிக்கணினி ஒரு முடிவைப் பத்தாயிரம் முறை, ஒவ்வொரு முறையும் எல்லா எண்களையும் சற்றுக் கலைத்துப் போட்டு, ஒரு டீ ஆறுவதற்குள் ஆடி முடித்துவிடும். பத்தாயிரத்தில் ஒன்பதாயிரம் முறை ஒரே விடை வந்தால் மனம் சமாதானமாகும். ஐயாயிரத்து நூறு முறை வந்தால், நாணயத்தைச் சுண்டிவிட்டு அதற்குக் காரணம் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. வெயிட்டேஜ் எங்கிருந்து வருகிறது? ஈராக்கின் மோசூலில் பிறந்த தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளர் அமெரிக்க அரசின் ஆயுதக் கட்டுப்பாட்டு அமைப்பில் வேலை பார்த்தவர். விஞ்ஞானிகளும் வழக்கறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்தும் ஒருவர் பேசுவது மற்றவருக்கு எட்டாமல் போவதைப் பார்த்தார். 1970களில் அவர் உருவாக்கிய முறை இன்றும் எங்கள் மென்பொருள்களின் அடித்தளமாக இருக்கிறது. பத்துக் காரணங்களை ஒன்றாக வைத்து எது முக்கியம் என்று கேட்காதே, இரண்டிரண்டாக வைத்துக் கேள் என்பது அவர் வழி. இதைவிட அது எத்தனை மடங்கு முக்கியம் என்று 1 முதல் 9 வரை ஓர் எண் சொல்லச் சொல்வார். அம்மாவிடம் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். வீடு பார்க்கும்போது தண்ணீர் முக்கியமா, பஸ் ஸ்டாப் பக்கத்தில் இருப்பது முக்கியமா? “தண்ணிதான்” என்றார் உடனே. எத்தனை மடங்கு? அங்கே தயங்கினார். “முட்டி வலி இல்லாதப்ப கேட்டா ஒன்னு சொல்லுவேன், இப்ப கேட்டா ஒன்னு சொல்லுவேன்” என்றார். அந்தத் தயக்கத்தை எண்ணாக மாற்றும்போது தொலைத்துவிடுகிறோம். அதன் அகலத்தைத் திரும்பக் கொண்டுவரும் ஒரே வழி, அந்த எண்ணை அவர் தயங்கிய தூரத்துக்கு இருபக்கமும் ஆட்டிப் பார்ப்பது.

கூட்டல் கணக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒன்றில் வாங்கிய மிகுதி இன்னொன்றின் குறையை மூடிவிடும். பெங்களூரின் பொருளாதாரத்துக்குக் கிடைத்த 78.82, வாழ்க்கைத் தரத்தின் 55.67க்கு ஈடு கட்டியது அப்படித்தான். ஐ.நா.வின் மனித மேம்பாட்டுக் குறியீட்டிலும் இதே சிக்கல் இருந்தது. மஹ்பூப் உல் ஹக் 1990இல் தொடங்கிவைத்து, அமர்த்தியா சென்னும் பங்களித்த அந்தக் குறியீடு இருபது ஆண்டுகள் கூட்டிச் சராசரி எடுத்தது. 2010இல் பெருக்கல் சராசரிக்கு மாறினார்கள். வருமானம் ஓங்கி நிற்பதால் மட்டும் கல்வியின் பள்ளமோ ஆயுளின் பள்ளமோ முழுதாக நிரம்பிவிடக் கூடாது என்பது காரணம். ஆகவே எண்களை மட்டும் ஆட்டினால் போதாது, எண்களைச் சேர்க்கும் முறையையும் ஆட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நகரம் செழிப்பாக இருக்கிறது என்பது, வரிசையில் குடத்தோடு நிற்கும் ஒரு பெண்ணுக்கு எந்த வெயிட்டேஜில் போய்ச் சேரும் என்ற கேள்வி அந்த முறைக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக் கொடுத்த ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடத் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்குப் பகல்நேரக் காப்பகம் நடத்தும் ஒரு சிறு அமைப்புக்குச் சில மாதங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உதவிக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு காப்பகம் திறக்கக் கையில் பணம் இருந்தது, ஒன்றுக்கு மட்டும். சர்ஜாபுரச் சாலைப் பக்கம், தணிசந்திரா பக்கம், கெங்கேரிப் பக்கம் என மூன்று இடங்கள். குழந்தைகளின் எண்ணிக்கை, வாடகை, தண்ணீர், ஆயாக்கள் வந்துபோக பஸ் என்று நான்கு காரணங்கள். நான் உற்சாகமாக எல்லாவற்றையும் மென்பொருளில் ஏற்றி, புரொஜெக்டரில் காட்டினேன். சர்ஜாபுரம் 71, தணிசந்திரா 70, கெங்கேரி 58. சர்ஜாபுரம் என்று முடிவெழுதப் போனார்கள்.

வழக்கப்படி ஸ்லைடர்களை ஒவ்வொன்றாக இழுத்துக் காட்டினேன். வாடகையை எவ்வளவு ஆட்டியும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அதைப் பற்றித்தான் அதற்கு முன் ஒரு மணி நேரம் பேசியிருந்தோம். கெங்கேரி எதைச் செய்தாலும் மேலே வரவில்லை, அதை விட்டுவிடலாம் என்பது உறுதியானது. தணிசந்திராவின் குழந்தைகள் எண்ணிக்கையை 38இலிருந்து மெல்ல ஏற்றினேன். 41இல் வரிசை மாறியது. மூன்று குழந்தைகள். அறையில் யாரும் பேசவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த களப்பணியாளர் எழுந்தார். தர்மபுரிக்காரர், ஐம்பது வயதுக்கு மேல், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடுவோம். பெங்களூரின் கட்டடக் கொட்டகைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், ஏதோ ஓரளவு இந்தி என்று எல்லாம் பேசிச் சமாளிப்பவர்.

“தம்பி, அந்த நம்பரு நான் குடுத்ததுதான்” என்றார். “காலையில பதினோரு மணிக்குப் போனேன். அந்நேரத்துக்குப் பெரிய புள்ளைங்க சின்னதுங்களைத் தூக்கிக்கிட்டு சைட்டுக்கே போயிருக்கும். கொட்டகையில இருந்ததைத்தான் எண்ணினேன். சர்ஜாபுரத்துல சாயங்காலம் போயி எண்ணினேன். ரெண்டும் ஒன்னு இல்ல, தம்பி.”

அந்தச் செய்தி அவரிடம் முதலிலிருந்தே இருந்தது. நாங்கள் கேட்கவில்லை. கணக்கெடுப்புத் தாளில் எண் எழுத ஒரு கட்டம் இருந்தது, எப்போது எண்ணினாய் என்று எழுத இடமில்லை. அந்த 38 என்ற எண், வாடகை எண்ணுக்கும் பஸ் எண்ணுக்கும் சமமான முகத்தோடு திரையில் உட்கார்ந்திருந்தது. மூன்று அசைந்தால் எல்லாமே அசையும் என்று கண்ணால் பார்த்த பிறகுதான், அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு மனுஷி பதினோரு மணி வெயிலில் நடந்து போயிருக்கிறாள் என்பதே எங்கள் அறைக்குள் நுழைந்தது. அவர் மீண்டும் போய் எண்ணிவிட்டு வரட்டும் என்று சொல்லி, இடத்தை முடிவு செய்யாமல் கலைந்தோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு நம்பிக்கை. முடிவைத் தாங்கும் எண் எதுவோ, அங்கேதான் பொறுப்பும் தங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தராமல் வரிசையை மட்டும் தரும் மென்பொருள் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறது. மீதிப் பாதி, நீங்கள் எழுந்து எங்கே நடந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்வது.

பெங்களூரில் வாழும் தமிழனுக்கு இந்தப் பாடம் காவிரியிலும் எழுதியிருக்கிறது. காவிரி நடுவர் மன்றம் 2007 பிப்ரவரி 5இல் தந்த இறுதித் தீர்ப்பில் ஆற்றின் மொத்த நீரை 740 டி.எம்.சி. என்று வைத்துப் பங்கிட்டது. தமிழ்நாட்டுக்கு 419, கர்நாடகத்துக்கு 270, கேரளத்துக்கு 30, புதுச்சேரிக்கு 7. கர்நாடகத்தின் பங்கில் குடிநீருக்கு வைத்தது 1.75. அந்தச் சிறிய எண்ணின் அடியில் இரண்டு அனுமானங்கள் இருந்தன. பெங்களூரு நகரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் வருகிறது என்பது ஒன்று. நகரத்தின் குடிநீர்த் தேவையில் பாதியை நிலத்தடி நீர் பார்த்துக்கொள்ளும் என்பது மற்றொன்று. 2018 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் அந்த இரண்டையும் ஏற்கவில்லை. முழு நகரத்தையும் கணக்கில் எடுத்தது. 1.75 என்பது 6.5 ஆனது, கூடியது 4.75. அதே தீர்ப்பில், தமிழ்நாட்டின் டெல்டாவில் நிலத்தடியில் இருக்கும் நீரை நடுவர் மன்றம் கணக்கில் சேர்க்கவில்லை என்று சொல்லி, அதில் 10 டி.எம்.சி.யைச் சேர்த்துக்கொண்டது. இரண்டும் சேர்ந்து 14.75. மாநில எல்லையில் உள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வந்துசேர வேண்டிய 192 டி.எம்.சி. 177.25 ஆகக் குறைந்தது. ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர்.

இதில் யார் வென்றார், யார் தோற்றார் என்று நான் எழுத வரவில்லை. தொரேகாடனஹள்ளியிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாய்களில் ஓடி, ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறி வரும் அந்த ஆற்றைத்தான் நான் குடிக்கிறேன். மேட்டூர் அணை திறக்கும் தேதியைக் காலண்டரில் பார்த்து வாழும் சொந்தக்காரர்கள் எனக்கு ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருக்கிறார்கள். என் கண் நிற்பது அந்த அனுமானங்களின் மேல். இரு தரப்பிலும் ஆற்றை நகர்த்தியது நிலத்துக்கு அடியில் இருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாத தண்ணீரைப் பற்றிய அனுமானம். ஒரு பக்கம் பெங்களூரின் போர்வெல்களை நம்பி ஓர் எண், மறுபக்கம் டெல்டாவின் போர்வெல்களை நம்பி ஓர் எண். 2024 கோடையில் பெங்களூரின் 13,900 போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாக மாநில அரசே சொன்னது. அந்த மார்ச் மாதம் எங்கள் தெருவில் லாரியின் சத்தம் கேட்டதும் வாளிகளோடு ஓடியவர்கள் யாரும் நடுவர் மன்றத்தின் தீர்ப்பைப் படித்தவர்கள் இல்லை. ஆனால் பாதி நீர் நிலத்தடியிலிருந்து வரும் என்று என்றோ எழுதப்பட்ட வரியின் ஆட்டத்தை அவர்கள் கைகள் உணர்ந்தன. அதே ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம், புறநகரின் 110 கிராமங்களை மனதில் வைத்து, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டருக்குத் திறக்கப்பட்டது. ஒரு போர்வெல் காய்ந்த இடத்தில் ஒரு குழாய் வந்தது. அந்தக் குழாயின் மறுமுனை ஆற்றில் இருக்கிறது. அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஒரு குறுவைப் பயிர் இருக்கிறது. ஓர் எண்ணை ஆட்டினால் எத்தனை வீடுகள் ஆடும் என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

சம்பிரதாயத்துக்காக ஆட்டுவதும் நடக்கிறது. பெரிய திட்ட அறிக்கைகளின் கடைசி அத்தியாயத்தில் ஓர் அட்டவணை இருக்கும். செலவு 10 சதவீதம் கூடினால், வருமானம் 10 சதவீதம் குறைந்தால், இரண்டும் சேர்ந்து நடந்தால் என்று மூன்று வரிகள். மூன்றிலும் திட்டம் லாபகரமாகவே நிற்கும். ஏன் 10? ஏன் 40 இல்லை? பெங்களூரு மெட்ரோவின் முதல் கட்டத்துக்கு 2006இல் ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 6,395 கோடி ரூபாய். வழியில் பாதை 33 கிலோமீட்டரிலிருந்து 42.3 கிலோமீட்டராக நீண்டது. 2017 ஜூனில் முழுதாக முடிந்தபோது செலவு இரட்டிப்பையும் தாண்டியிருந்தது. அந்த ரயிலில் நான் தினமும் போகிறேன், அது இல்லாத பெங்களூரை நினைத்துப் பார்க்க முடியவில்லை. கட்டியது சரிதான் என்றே நினைக்கிறேன். ஆனால் உலகம் ஒரு காலை இவ்வளவு பலமாக உலுக்கும் என்று தெரிந்த பிறகு, விரல் நுனியால் தொட்டுவிட்டு உறுதி என்று எழுதுவது சரியில்லை. பந்தல்காரர் காற்றடிக்கும் மாதத்தில் இரண்டு கையாலும் பிடித்துத்தான் ஆட்டுவார்.

இன்னொரு தவறு இதைவிட நுட்பமானது. விடை ஆடுகிறது என்று தெரிந்ததும், ஆடாத வெயிட்டேஜாகத் தேடி அமைத்துக்கொள்வது. ஸ்லைடர் யார் கையில் இருக்கிறதோ அவர் விரும்பும் விடையை அது தந்துவிடும். ஆகவே வெயிட்டேஜை முதலில், விடையைப் பார்ப்பதற்கு முன், அதனால் பாதிக்கப்படுகிறவர்களும் உட்கார்ந்திருக்கும் அறையில் எழுதி வைக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவேன். பிறகுதான் ஆட்ட வேண்டும். ஆட்டும்போது அவர்களும் அதே அறையில் இருக்க வேண்டும். தணிசந்திராவின் மூன்று குழந்தைகளைப் பற்றி எங்கள் கணக்கில் இருந்த பிழையைத் திரை காட்டவில்லை. எங்கே பிழை இருந்தால் வலிக்கும் என்பதை மட்டும் காட்டியது. பிழையைச் சொன்னவர் அக்கா. அவர் அன்று அறையில் இல்லாமல் போயிருந்தால், 71க்கும் 70க்கும் இடையே ஒரு வித்தியாசம் இருக்கிறது என்று நம்பியே நாங்கள் கையெழுத்துப் போட்டிருப்போம்.

அடுத்த வாரம் அவர் இரண்டு இடங்களுக்கும் மீண்டும் போனார், இரண்டுக்கும் ஒரே நேரத்தில், வேலை முடிந்து அடுப்பு மூட்டும் வேளையில். சர்ஜாபுரத்தில் 44 என்று எழுதியிருந்தது 47 ஆனது. தணிசந்திராவில் 38 என்று எழுதியிருந்தது 61. காப்பகம் தணிசந்திராவில் திறந்தது. இப்போது ஸ்லைடரை எந்தப் பக்கம் இழுத்தாலும் வரிசை மாறவில்லை.

அதன் பிறகு நான் எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது. யார் தந்தது, எப்போது, எப்படித் தெரிந்துகொண்டது என்று எழுத வேண்டிய கட்டம். அதை நிரப்பாமல் வரிசை திறக்காது. நேரம் வீணாகிறது என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. அவர்களுக்கு நான் திறந்து காட்டுவது அந்தப் பழைய கோப்பைத்தான். அதில் 61 என்ற எண்ணுக்கு எதிரே அக்கா தமிழிலேயே எழுதிக் கொடுத்தது அப்படியே இருக்கிறது: ‘திங்கட்கிழமை சாயங்காலம் ஏழு மணி. தகரக் கொட்டகை ஒவ்வொன்றுக்குள்ளும் போய்ப் பேர் கேட்டு எண்ணியது. தூங்கிய குழந்தைகளும் சேர்த்து.’